அண்டை வீட்டாரின் அன்பளிப்பும் நமது மௌனமும்

திருவொற்றியூரில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஒரு சிறுவன் வந்து, "ஹஜ்ரத், உம்மா ஒரு மஸ்அலா கேட்டு வரச் சொன்னாங்க" என்றான். அவர்களுடைய அடுத்த வீட்டார், இராயபுரத்திலிருந்து வந்து குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் குல்குல் பலகாரமும் கொடுத்தனுப்புவார்கள். கூடவே அந்த அம்மாள் தம் கையாலேயே தயாரித்த திராட்சை ஒயின் ஒரு பாட்டில். இவர்கள் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்து வருகிறார்கள். பாடுபட்டுச் செய்த பொருளை வீணாக்காமல், குடிப்பழக்கமுள்ள யாருக்காவது கொடுத்துவிடலாமா என்பதே கேள்வி.

பாடுதான், சந்தேகமில்லை. பன்னீர் திராட்சையைக் கழுவி உலர்த்தி, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமையுடன் பீங்கான் ஜாடியில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, ஏறக்குறைய மூன்று வாரம் அன்றாடம் மரக்கரண்டியால் கிளறி, வடித்துத் தெளிய வைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகிறது. பொங்கும் குமிழிகள் அதன் அடையாளம்.

"கடைச் சரக்கல்ல, வீட்டில் செய்ததுதானே" என்று நம்மவரிலும் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. யமன் நாட்டில் தேனிலும் வாற்கோதுமையிலும் செய்த பானங்களைப் பற்றி அபூமூஸா (ரலி) அவர்கள் வினவியபோது, போதை தருவது அனைத்தும் ஹராம் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். வாற்கோதுமைப் பானமென்றால் இன்றைய பீர்தான். பெருமானார் (ஸல்) அவர்களுக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொடுத்ததுண்டு. மூன்று நாளைக் கடந்து அதை அவர்கள் பருகியதில்லை. (உரிமமின்றி மது தயாரிப்பதை 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமும் தடுக்கிறது. அது வேறு விஷயம்.)

சகோதரியின் கேள்விக்கு விடை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. ஒருவர் தோற்பை நிறைய மதுவை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகவே கொண்டு வந்தார். அல்லாஹ் இதைத் தடுத்துவிட்டது உமக்குத் தெரியுமா என்று அவர்கள் வினவ, தெரியாது என்றார். பிறகு அருகிலிருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். என்ன சொன்னீர் என்று கேட்டார்கள். விற்றுவிடச் சொன்னேன் என்றார். குடிப்பதைத் தடுத்தவன் விற்பதையும் தடுத்துவிட்டான் என்று அவர்கள் கூறியதும், அவர் பையின் வாயைத் திறந்து முழுவதையும் ஊற்றிவிட்டார். ஆகவே பிறருக்குக் கைமாற்றவும் வழியில்லை. ஊற்றியது சரியே.

ஆனால் இந்த ஹதீஸை ஓதும்போதெல்லாம் என் மனம் நிற்பது அந்த முதல் கேள்வியில்தான். கொண்டு வந்தவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடியவில்லை. தெரியுமா என்றுதான் கேட்டார்கள். நம் அண்டை வீட்டு அம்மாளுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்! பாட்டில் ஆண்டுதோறும் காலியாகத் திரும்புகிறது, "ரொம்ப நன்றி ஆன்ட்டி" என்ற சொல்லோடு. நாக்கு பொய் சொல்லவில்லை, பாட்டில் சொல்கிறது. மனம் நோகுமே என்று நாம் அஞ்சுகிறோம். அவரோ நமக்கென்றும் சேர்த்துத் திராட்சை வாங்கி, மூன்று வாரம் கிளறிக்கொண்டிருக்கிறார். எது அதிக நோவு?

ஒயின் வந்து சேர்ந்த பிறகல்ல, ஜாடி ஏறுமுன்பே போய் அன்போடு சொல்லுங்கள், பெருநாள் பிரியாணியை வழக்கம்போல் கொடுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.

சில மாதம் கழித்துச் சிறுவன் வந்து நடந்ததைச் சொன்னான். அந்த அம்மாள் சிரித்துவிட்டாராம். "இத்தனை வருஷமா பாட்டிலை மட்டும் பளபளன்னு கழுவித் தந்தியேம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாராம். கேக்குக்கான பழங்களை ரம்மில் ஊறவைப்பதையும் அப்போது அவராகவே சொல்லியிருக்கிறார். அந்த டிசம்பரில் இவர்களுக்கென்று தனியாக ஒரு கேக் வந்தது. பழங்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறியவை.