புதியவனுக்கு வழி காட்டுவது எப்படி?

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த ஹஸ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை, அன்ஸாரித் தோழர் ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கி வைத்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டச் சொன்னார்கள். போனார்கள், பாலாடைக்கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார்கள்.

இதை நாம் மிம்பரில் பலமுறை சொன்னதுண்டு. ஆயினும், திருவொற்றியூரிலிருந்து ஒரு தகப்பனார் அஸருக்குப் பின் நம்மருகே வந்து உட்கார்ந்த அன்றுதான், இதன் பொருள் நமக்கே சற்று விளங்கியது.

அவர் துறைமுகத்தில் சுமை தூக்குபவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவருடைய மகன். தமிழ் வழியில் படித்த பையன். கல்லூரியிலோ பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் ஒதுங்கிவிட்டான். அந்த நேரத்தில் ஆதரவாக வந்தவர்கள் அவனோடு மின்சார ரயிலில் வரும் மூத்த மாணவர்கள்தாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து நிரம்பி வரும் வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். டீ வாங்கித் தந்தார்கள். பழைய நோட்டுகளைக் கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் வேறொரு ‘ரூட்டு’ மாணவர்களோடு தகராறு மூண்டது. நீயும் வந்து நில் என்றார்கள்.

“இத்தனை செய்தவர்களிடம் முடியாது என்று எப்படி அத்தா சொல்வது?” என்று மகன் கேட்டானாம். தகப்பனாருக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நமக்கும் உடனே நாவெழவில்லை.

ராகிங்கைப் பற்றிப் பெற்றோர்களுக்குத் தெரியும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டதும், அதையடுத்து 1997இல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்ததும் மறக்கக்கூடியவையல்ல. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி பிள்ளையும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். (எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறோம்?) அடிக்க வரும் கையைச் சட்டம் பிடிக்கலாம். டீ கிளாஸை நீட்டும் கையை எந்தச் சட்டம் பிடிக்கும்?

சென்னையில் இந்த ரூட்டுச் சண்டை விளையாட்டல்ல. 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். வேறொரு கல்லூரியின் மாணவர்கள் கைதானார்கள். இறந்தவர் வீட்டிலும் சரி, சிறை சென்றவர்கள் வீட்டிலும் சரி, ஒரு தாய் சோறு கட்டிக் கொடுத்துத்தானே அனுப்பியிருப்பாள்!

ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை உதைத்துவிட்டார். உடனே ஒருவர் அன்ஸாரிகளைக் கூவி அழைத்தார். மற்றவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். முஹாஜிர், அன்ஸார் என்பவை குர்ஆனே புகழும் பெயர்கள். அப்படியிருந்தும் அந்தக் கூவலை அறியாமைக் காலத்து அழைப்பென்றும், துர்நாற்றம் வீசுவதென்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பெயரில் குற்றமில்லை, அந்தப் பெயர் எதற்குக் கூவப்பட்டது என்பதில்தான் குற்றம். அப்படியானால் ஒரு ரயில் மார்க்கத்தின் பெயர் எம்மாத்திரம்?

நன்றி மறப்பது பாவமன்றோ என்று பையன் தயங்கியது அவனுடைய நல்ல குணத்தைக் காட்டுகிறது. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் டீக்கு டீதான் ஈடு. நோட்டுக்கு ஈடு, அடுத்த ஆண்டு வருகிற புதியவனுக்கு நம் நோட்டைக் கொடுப்பது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கு உதவுவதென்றால் அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. இதைத்தான் அந்தத் தகப்பனாரிடம் சொல்லி அனுப்பினோம். சொல்வது எளிது, மறுநாள் அதே வண்டியில் ஏற வேண்டியவன் அந்தப் பையன். அதனால் சில நாட்களுக்கு அவனைப் பேருந்தில் போகச் சொன்னோம்.

ஸஅத் (ரலி) அவர்கள் கடைத்தெருவைக் காட்டியதற்கு அந்த நெய்யில் பங்கு கேட்கவில்லை. உதவி பெற்றவன் அதன் பிறகும் சுதந்திரமாக நடக்க முடிகிறதா என்று பார்த்தால், அது உதவியா விலையா என்று தெரிந்துவிடும். இந்த உரைகல்லில் நம்முடைய வாலிபர் சங்கங்களையும் உரசிப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கையோடு கொடி பிடிக்கக் கூப்பிடுவதை நாமே கண்டிருக்கிறோம்.

மதரஸாவில் சேர்ந்த முதல் வாரம், வீட்டு நினைவில் நாம் அழுதுகொண்டிருந்தபோது, மூத்த மாணவர் ஒருவர் கிணற்றடியையும் வாளி இருக்கும் இடத்தையும் காட்டி, எந்த உஸ்தாதிடம் தயங்காமல் சந்தேகம் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூட நமக்கு வெகுநாள் தெரியாது.

கல்லூரிக்குப் புதிதாகப் போகிறவனுக்கும் இவ்வளவுதான் தேவை. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாது, அரியர் விழுந்தால் எப்படி எழுதுவது, புரியாத பாடத்தை எந்த ஆசிரியரிடம் கேட்பது, நூலகத்தில் தமிழில் விளக்கும் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது — இவற்றைச் சொல்ல மூன்றாமாண்டு மாணவன் ஒருவனுக்கு ஒரு மாலை போதும். இராயபுரத்திலும் எண்ணூரிலும் மஹல்லாவுக்கு ஒருவனாவது அப்படி இருப்பான். கல்லூரி திறப்பதற்கு முந்திய ஜும்ஆவன்று, தொழுகை முடிந்ததும் அவனைத் தேடிப் பிடியுங்கள்.