கேள் என்னும் வினை

பொதட்டூர்பேட்டையில், சுவருக்கு அப்பால் விசைத்தறி இரைய, அண்ணன் மகனின் மடிக்கணினியில் நான் கடைசிவரை ஆடிய ஒரே விளையாட்டு 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்'. ரான் கில்பர்ட் தலைமையில் உருவாகி 1990இல் வெளிவந்தது. கடற்கொள்ளையனாக ஆசைப்படும் கைபிரஷ் என்ற இளைஞனை நாம் நடத்திச் செல்ல வேண்டும். திரையின் அடியில் வினைச்சொற்கள்: திற, மூடு, தள்ளு, இழு, எடு, கொடு, பார், பேசு... ஒரு வினையையும் ஒரு பொருளையும் சொடுக்கினால் வாக்கியம் அமைகிறது. அவன் அதைச் செய்கிறான். இலக்கணம் நடத்துகிறவளுக்கு இது பிடிக்காமல் போகுமா?

இன்னொன்றும் பிடித்தது. அக்காலத்தில் ராபர்ட்டா வில்லியம்ஸ் உருவாக்கிய 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டுகளில் கால் பிசகினால் சாவுதான். இங்கே ஏறக்குறைய சாவே இல்லை. வாள்சண்டையில்கூட, வசைக்குப் பொருத்தமான பதில் சொன்னவரே வெல்கிறார். தறியில் இழை அறுந்தாலே திட்டு விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். தவறு செய்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம் என்பது எனக்குப் புதிய சுகம்.

குறையும் உண்டு. பெரும்பாலும் ஒரு சிக்கலுக்கு ஒரே விடை. அதுவும் உருவாக்கியவர் மனதில் இருப்பது. தீவுக்குப் போகும் கம்பியில் சறுக்கிச் செல்ல, நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழி வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து எல்லாவற்றின் மீதும் முயல்கிறோம். மெல்ல மெல்ல மனிதர்களும் பூட்டுகளாகிவிடுகிறார்கள். இவருக்கு எதைக் கொடுத்தால் எது கிடைக்கும்?

எலைன் அந்தத் தீவின் ஆளுநர். அவளைப் பேய்க் கொள்ளையன் தூக்கிப் போகிறான். கைபிரஷ் கடல் கடந்து, தேவாலயத்தில் நடக்கும் கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கப் பாய்கிறான். எலைனோ ஏற்கெனவே தப்பித்துவிட்டவள். மணப்பெண் உடைக்குள் இருப்பவை இரண்டு குரங்குகள். பேயை அழிக்கும் மருந்து அவற்றிடம். காப்பாற்ற வந்தவனால் அவள் திட்டம் குலைகிறது.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பெண் கல்வி பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். மறுநாளிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. பெரியம்மாவைத் தன் பக்கம் இழுத்து, தார் சுற்றிய கூலியைச் சேர்த்து, மேலே படிக்க இரண்டு வருடத் தவணை கேட்க அவள் காத்திருந்தது பிறகே தெரிந்தது. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே மேடம்" என்றாள்.

நல்லெண்ணம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அந்த எண்ணத்தில் அவள் பூட்டாகவும் நான் சாவியாகவும் இருந்தோம். தமிழில் 'கேள்' என்றால் வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். திரையின் அடியில் இருந்த வினைகளில் 'பேசு' இருந்தது, 'கேள்' இல்லை. என் பட்டியலிலும் இல்லை. எலைனின் திட்டத்தை விளையாட்டு மெச்சுகிறது. ஆனால் அவள் தப்பித்த வழியை நாம் ஆடிப் பார்க்க விடுவதில்லை. சுட்டி கடைசிவரை காப்பாற்றுகிறவன் பக்கமே.

அந்த மாணவி பிறகு அஞ்சல்வழியில் முதுகலை முடித்தாள். எப்படி முடித்தாள் என்று இன்னும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.