கண்ணாடித் தொட்டியில் ஓர் ஐயறிவுயிர்

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் புதுக்கோட்டை என்றோர் ஊர் உண்டு. சித்தன்னவாசலால் நாம் அறிந்த புதுக்கோட்டை அன்று. பெயர் ஒன்றாயினும் ஊர் வேறு. அங்கு வாழும் நம் குடும்பத்தார் ஒருவர் வினா ஒன்றை எழுப்பியுள்ளார். கல்லூரியில் பயிலும் அவர் மகன் ஆஸ்திரேலிய மரத்தவளை ஒன்றை வாங்கி வந்து, கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறான். வெப்பமானியும் ஈரப்பதமானியும் பொருத்தி, வேளை தவறாமல் நீர் தெளித்துக் காத்து வருகிறான். இது ஜீவகாருண்யமா, ஹிம்சையா என்று தந்தையார் கேட்கிறார்.

சிறிய வினாவென்று இதனைத் தள்ளிவிடுதல் தகாது. சமந்தபத்திர ஆசாரியர் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் அருகன் பூசையின் பெருமைக்குச் சான்றாக எடுத்துக்காட்டியது மன்னரையோ வணிகரையோ அன்று. ராஜகிருகத்தில் மலரொன்றைக் கவ்விச் சென்ற தவளையையே. யானையின் காலடியில் மிதிபட்டு இறந்து, தேவகதி அடைந்தது அத்தவளை என்பது நாம் சிறுவயது முதல் கேட்டறிந்த கதை.

முதலில் அவ்வுயிரின் உடலியல்பை அறிதல் வேண்டும். தவளைக்குச் செதிலும் இல்லை, மயிரும் இல்லை. அது நம்மைப் போல் வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றுத் தோலின் வழியே ஈரத்தை உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் நனைந்த தோலின் வழியேதான் நிகழ்கிறது. உடலுக்குச் சொந்தச் சூடு இல்லாமையால், சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அவ்வளவே அதன் சூடு. ஆகவே வெயிலில் நின்று குளிர் காய்வதும், நிழலுக்கு நகர்வதும், இலைமறைவில் ஒடுங்குவதும் அதற்கு விளையாட்டல்ல, உயிர்வாழும் முறை. தென்பாண்டி நாட்டுச் செம்மண்ணில் வாழும் வளைதோண்டித் தவளைகள் கோடை முழுதும் மண்ணுக்குள் அடங்கியிருந்து, மழை கண்டபின்னரே வெளிவருகின்றன. எப்போது புதைவது, எப்போது வெளிவருவது என்பதை அவையே முடிவு செய்கின்றன.

தொட்டியில் அடைபட்ட தவளைக்கு அந்த முடிவு பறிபோய்விட்டது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளார்: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கட்டுதல் முதலிலும், நீர் மறுத்தல் இறுதியிலும் நிற்கின்றன. தோலால் நீர் பருகும் உயிருக்கு இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன அன்றோ! காற்று வறண்ட தொட்டியில் அதனை விட்டுவைப்பது, கட்டிய பசுவின் தொட்டியில் நீர் ஊற்றாமல் விடுவதற்கு ஒப்பாகும். ஆதலின் அம்மகன் ஈரத்தைக் காப்பது தருமமோ கொடையோ ஆகாது. தானே தன் தலைமேல் ஏற்றிக்கொண்ட கடனை நாள்தோறும் அடைப்பதாகும்.

அக்கடனைச் செவ்வனே அடைக்கும் முறையையும் சொல்லிவிடுவோம். இம்மரத்தவளைக்குப் பகலில் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் ஏற்றது. தொட்டியின் ஒரு பக்கம் சற்றுச் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால், இழந்த சுதந்திரத்தில் ஓர் அணுவளவேனும் அதற்குத் திரும்பக் கிடைக்கும். குளிர்நாட்டார் எழுதிய நூல்களைப் படித்துவிட்டுச் சூடேற்றும் விளக்கு வாங்குவோர் உளர். கோடையில் வெயில் 38 டிகிரியைத் தொடும் ஊரில் அது எத்துணை பேதைமை! இங்கு வேண்டுவது தணிப்பு. கண்ணாடித் தொட்டியை ஒருபோதும் நேர்வெயிலில் வைத்தலாகாது. குளிரூட்டிய அறையோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குன்றினால் பூஞ்சையும் புண்ணும் தோன்றும். குளோரின் கலந்த குழாய்நீர் அம்மெல்லிய தோலுக்குத் தீங்கு. அதனை ஓரிரவு திறந்து வைத்தபின் தெளிப்பது நன்று.

இத்தனை தொல்லை ஏன், ஏதேனும் ஒரு குளத்தில் விட்டுவிடலாமே என்று கருணை மிகுந்தோர் சொல்லக்கூடும். கோரம்பள்ளம் குளம் அருகில்தான் உள்ளது. ஆனால் அது விடுதலையாகாது. வேற்றுநாட்டுயிர் பெரும்பாலும் மடியும். மடியாவிடில் தன் நோயை உள்ளூர்த் தவளைகளுக்குப் பரப்பக்கூடும். கைட்ரிட் என்னும் பூஞ்சைநோயால் உலகில் குறைந்தது 501 வகை நீர்நில வாழ்வன குறைந்தன, அவற்றுள் 90 முற்றாக அழிந்தனவாகக் கருதப்படுகின்றன என 2019இல் அறிஞர்கள் கணக்கிட்டனர். அந்நோய் கண்டம் விட்டுக் கண்டம் தாவியதில் தவளை வாணிகத்துக்குப் பெரும்பங்குண்டு. 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியை நம் நாடு தடை செய்தபோது அகமகிழ்ந்தோம். இன்று உயிருள்ள தவளையை இறக்குமதி செய்து விலைபேசும் கடைகளை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும் என 2024ஆம் ஆண்டின் விதிகள் கூறுவதையும் அவ்வன்பர் அறிந்துகொள்வது நலம்.

இனி, வினாவில் சொல்லப்படாத முடிச்சொன்று உண்டு; எல்லாவற்றிலும் கடினமானது அதுவே. தலைப்பிரட்டையாய் இருக்கையில் பாசி தின்னும் உயிர், வளர்ந்தபின் அசையும் பூச்சியையே உண்ணும். சோறும் கீரையும் அதற்கு உணவாகா. ஆகவே சிராவகன் வீட்டில் உயிருள்ள வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் விலைக்கு வாங்கப்பட்டு, அவன் கையாலேயே தொட்டிக்குள் விடப்படுகின்றன. காட்டில் தவளை தின்பது அதன் வினை. தொட்டியில் தின்பிப்பது நம் வினை. பூனை முதலிய கொன்றுண்ணும் விலங்குகளை வளர்த்தலை நம் ஆசாரியர்கள் அனர்த்ததண்டத்துள் சேர்த்தது இக்காரணம் பற்றியே. ஊட்டாது விட்டாலோ ஐயறிவுயிர் பட்டினியால் மடியும். பிறர் கையில் ஒப்படைத்தால், செய்வித்தல் என்னும் வழியால் அவ்வினை நம்மையே சாரும்.

பழுதின்றி இம்முடிச்சை அவிழ்க்க நமக்கு வழி தெரியவில்லை. இருக்கும் தவளையைப் பட்டினியிடலாகாது என்பதே நம் கருத்து. வேறாகக் கருதும் பெரியோரும் இருக்கலாம். ஊட்டும் நாளெல்லாம் அதற்குரிய பிராயச்சித்தத்தைத் தந்தையும் மகனும் சேர்ந்தே செய்யட்டும். இத்தவளை பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. கல்லூரி முடிந்து வேலைக்குப் போனபின்னும், திருமணமாகி வேற்றூர் சென்றபின்னும் நீர் தெளிப்பவர் யார், பூச்சி வாங்குபவர் யார் என்பதை இப்போதே இருவரும் பேசி முடிவு செய்தல் வேண்டும். துணையில்லாமல் தவிக்கிறதென்று சொல்லி இரண்டாவது தவளை வாங்கும் பேச்சு எழுமாயின், அதற்குத் தந்தையார் உடன்படலாகாது.