தொண்டையில் இறங்காத பிரசாதம்

இன்னைக்கு கொஞ்சம் கஷ்டமான கேள்வி. முருகன் பிரசாதத்தை ஒருத்தருக்குக் கொடுக்க விடாம தடுக்கலாமா? தடுத்தா அது பக்திக் குறைவா?

எங்க ஊர் மரக்காணம். சித்தப்பா பல வருஷம் உப்பளத்துல உப்பு வாரினவர். போன வருஷம் மூளைத்தண்டுல ஸ்ட்ரோக். கை கால் தப்பிச்சுது, நினைவும் தெளிவு. விழுங்குறது மட்டும் போச்சு. மூக்கு வழியா டியூப் போட்டு அதுலதான் சாப்பாடு, மருந்து எல்லாம்.

பார்க்க வர்றவங்க வெறுங்கையோட வர்றதில்லை. மயிலம் போனவங்க விபூதி, பழனி போனவங்க பஞ்சாமிர்தம். "முருகன் பிரசாதம், ஒண்ணும் பண்ணாது, நாக்குல ஒரு சொட்டு வை"ன்னு சொல்வாங்க. சித்தி வேண்டாம்னா, "நம்பிக்கை இல்லையா உனக்கு?"

தொண்டையில சோத்துக்கும் மூச்சுக்கும் ஒரே வாசல். ஒரு வாய் தண்ணி இறங்கும்போது மூச்சுக்குழாய் மூடணும், உணவுக்குழாய் திறக்கணும், எல்லாம் ஒரு நொடிக்குள்ள. அதை நடத்துறது மூளைத்தண்டோட அடியில இருக்கிற முகுளம். அங்க ரத்தம் போகலைன்னா வாசலுக்குக் காவல் இல்லை. இதுல தண்ணிதான் ரொம்ப ஆபத்து, வேகமா ஓடி நுரையீரல் பக்கம் இறங்கிடும். நமக்குப் புரையேறினா யாரோ நினைக்கிறாங்கன்னு தலையில தட்டுவோம். இவங்கள்ல பலருக்கு இருமலே வராது. சத்தமில்லாம உள்ள போனது நிமோனியாவா வந்து நிக்கும். ஒரு சொட்டு தீர்த்தம், வாயில போடுற ஒரு சிட்டிகை விபூதி கூட விளையாட்டு இல்லை.

கொடுக்கிறவங்க அன்பு பொய்னு நான் சொல்லல. ஆனா கொடுத்துட்டு அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. ராத்திரி மூச்சுத் திணறினா பக்கத்துல இருக்கப்போறது சித்தி. ஆபத்தை இன்னொருத்தர் நெஞ்சுல இறக்கி வச்சுட்டு அதுக்கு முருகன் பேரைச் சொல்றது எனக்கு பக்தியாத் தெரியல.

அதுக்காக தடுக்கிறவங்க பக்கம்தான் முழு நியாயமும்னு சொல்ல முடியாது. கொடுக்கலாமா வேண்டாமான்னு எல்லாரும் சித்தப்பா தலைக்கு மேலேயே பேசுறோம். அவரை யாரும் கேட்கல! குரல் கம்மிப் போச்சு, ஆனா எழுத முடியுமே. ஒரு நாள் சிலேட்டைக் கொடுத்தேன். "தீர்த்தம் கண்ணுல ஒத்து போதும். கஞ்சி வேணும். உப்பு போட்டு"ன்னு எழுதினார். வீடே சிரிச்சுது. (பிரஷர் இருக்கிறவருக்கு உப்புல கை கட்டு. உலக சுகாதார நிறுவனமே எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னுதான் சொல்லுது.) சரி, அவர் "ஆபத்து தெரியும், பரவாயில்லை, கொடு"ன்னு எழுதியிருந்தா? அப்போ டாக்டர்கிட்டயும் விழுங்கும் பயிற்சி தர்ற தெரபிஸ்ட்கிட்டயும் போய், இருக்கிறதுலயே ஆபத்து குறைஞ்ச வழி எதுன்னு கேட்கிறதுதான் நம்ம வேலை. முடிவு அவரோடது. அவர் உடம்பு, அவர் முருகன்.

திருநின்றவூர் பூசலார் நாயனார் கையில காசில்லாம மனசுக்குள்ளயே கோயில் கட்டினார். காஞ்சியில பல்லவ ராஜா கட்டின கற்கோயிலுக்கு அன்னைக்கு வரமுடியாதுன்னு சொல்லி, சிவபெருமான் இவர் கோயிலுக்குத்தான் வந்தார்னு பெரியபுராணம் சொல்லுது. பிரான்ஸ்ல ழான் டொமினிக் போபின்னு ஒரு பத்திரிகை ஆசிரியர். 1995-ல மூளைத்தண்டு ஸ்ட்ரோக் வந்து, அசைக்க முடிஞ்சது இடது கண் இமையும் கொஞ்சம் தலையும்தான். டியூப்ல சாப்பாடு. கண் சிமிட்டியே ஒரு புத்தகம் சொல்லி எழுத வச்சார், 1997-ல வந்துச்சு. அதுல, கடலோர ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே நினைவுல சமைச்சு ருசிச்ச விருந்துகளைச் சொல்றார். வாயில போனாத்தான் போய்ச் சேரும்னு நாம எப்படி முடிவு பண்ணினோம்?

சித்தப்பாவுக்குப் பயிற்சி நடக்குது. இந்த மாசம் தெரபிஸ்ட் பக்கத்துல நின்னு, நிமிர்த்தி உட்கார வச்சு, கெட்டியாக் கரைச்ச கஞ்சி அஞ்சு ஸ்பூன் கொடுக்கச் சொன்னாங்க. அஞ்சும் ஒழுங்கா இறங்குச்சு. இப்படிப்பட்ட வீட்டுக்குப் போறவங்க விபூதியை நெத்தியில பூசுங்க, பஞ்சாமிர்தத்தைப் பார்த்துக்கிறவங்க கையில கொடுங்க. அவங்களும் ராத்திரி சரியா சாப்பிட்டிருக்க மாட்டாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!