தோபியாவின் நாய்

தோபித்து நூலை வாசிக்கும்போது நாம் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பார்வை இழந்த தந்தை ஒப்படைத்துவைத்திருந்த பணத்தைப் பெற்றுவர, நினிவேயிலிருந்து மேதியாவுக்குப் புறப்படுகின்றான் தோபியா. வழித்துணையாக, வானதூதர் என்று அறியப்படாமலே இரபேல் வருகின்றார். கூடவே ஒரு நாயும் செல்கின்றது. அதற்குப் பெயரில்லை. அது எதையும் சாதித்ததாகவும் நூல் சொல்லவில்லை. முதல் இரவு திக்ரீசு ஆற்றங்கரையில் அவர்கள் தங்குகின்றார்கள்; பின்னர் ஊர் திரும்பும்போதும் அந்த நாய் உடன் வருகின்றது. புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்போ அதை முன்னே ஓடவிட்டு, வாலையும் ஆட்ட வைக்கின்றது. நாய் வளர்த்தவர்களுக்கு இது பிடித்தமான இடம்!

இரபேலுக்கு வழி தெரியும். தோபியாவுக்குப் பயணத்தின் நோக்கம் தெரியும். நாய்க்கு இரண்டும் தெரியாது; போகின்றவரோடு போவது ஒன்றே தெரியும். அவ்வாறு வருகின்ற ஓர் உயிருக்கு, அழைத்துச் செல்கின்றவர் எந்த அளவுக்குக் கடன்பட்டவர்?

இரும்புலியூரில் நாயோடு உலாவச் செல்வது எளிதன்று. இரவு பகல் ஓயாத ஜி.எஸ்.டி. சாலை, மின்தொடர் வண்டிகள் ஓடும் இருப்புப்பாதை, மதுரவாயல் நோக்கிப் பிரியும் புறவழிச்சாலை ஆகியவற்றை நீக்கினால் எஞ்சுவன குடியிருப்புத் தெருக்களும் ஏரிப்பக்கமும்தாம். வண்டலூர் உயிரியல் பூங்கா அருகிலிருந்தும் அங்கே வீட்டு நாய்க்கு இடமில்லை. காட்டு விலங்குகளுக்கு நோய் பரவலாம் என்பதால் அது நியாயமே.

ஒரு மே மாத ஞாயிறு. திருப்பலி முடிந்து, சிற்றுண்டியும் உண்டு, பத்து மணிக்குமேல் ஏரிப்பக்கம் செல்லத் திட்டமிட்டோம். பிள்ளைகளுக்குத் தொப்பி, தண்ணீர்ப் புட்டி, குடை என எல்லாம் எண்ணி எடுத்தோம். நம்மோடு கோயிலுக்கு நடந்து வந்து திரும்பியிருந்த அம்மா, தாம் வீட்டிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் நாய் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தது. துள்ளுகிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். வீடு சேர்ந்தபிறகுதான் அதன் பாதங்களில் தோல் கொப்பளித்து உரிந்திருப்பதைக் கண்டோம். தார்ச்சாலையில் நாம் செருப்பணிந்து நடந்திருந்தோம்.

அது ஒருமுறைகூட வாரை எதிர்த்து இழுக்கவில்லை என்பதுதான் நம்மை உறுத்தியது. மறுக்காததை உடன்பாடு என்று எடுத்துக்கொண்டோம். நம்மை முழுவதும் நம்புகின்றவரிடம் இத்தகைய தவற்றைச் செய்வது எவ்வளவு எளிது! படைப்பை ஆளும்படி தொடக்கநூலில் மனிதருக்கு அளிக்கப்பட்ட பொறுப்பு வரம்பற்ற ஆதிக்கமன்று என்று 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் தெளிவுபடுத்தினார். அதை வாசித்துத் தலையசைத்த நாமே, சாலையின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

பார்ப்பதற்கு வழி எளியது. புறங்கையைத் தார்மீது ஏழு விநாடி வைக்க வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் நாய்க்கும் அது ஆகாது. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு அதுவும் கடினம். ஆகவே விடியற்காலையோ, வெயில் சாய்ந்து தரை ஆறிய பிறகோதான் உலா. மழைக்காலத்திலோ தேங்கிய நீர் அச்சம் தருவது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். புல்வெளி என்றால் திரும்பியதும் காதோரமும் விரலிடுக்கும் உண்ணி பார்க்க வேண்டும். இத்தனையையும் முன்னரே எண்ண வேண்டியவர் வாரைப் பிடித்திருப்பவரே. கேட்கவோ மறுக்கவோ நாய்க்குச் சொல் இல்லை.

மனிதர் பட்டினி கிடக்க, நாய்க்கு இவ்வளவு கரிசனமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் எண்ணில் இரண்டையும் ஒருங்கே வைக்கின்றது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது, மனிதத் துயர் தீர்க்க முதன்மையாகச் செலவிட வேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவதும் தகாது. நாயின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவோர் இரண்டாம் பகுதியை நின்று வாசிக்கலாம். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் உடன் நடப்பதால் எந்த ஏழையின் உணவும் குறைவதில்லை.

ஏழைக்குச் சேர வேண்டியது வேறு வகையில் பறிபோகின்றது. தெருவில் நம் நாய் விட்ட மலத்தை நாம் அள்ளாமல் வந்தால், அதை அள்ளுவது தூய்மைப் பணியாளரின் கை. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 11ஆம் நாள் ஓர் ஆணையும், 22ஆம் நாள் அதை மாற்றி மற்றோர் ஆணையும் பிறப்பித்தபோது, நாய்க்கு ஆதரவு, எதிர்ப்பு என நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. நம் தெருவில் பள்ளிக்குச் செல்லும் ஒரு சிறுமி, எந்த நாயைக் கண்டாலும் சுவரோடு ஒட்டி நின்றுவிடுகின்றாள். அவளுக்கு அந்த வாதத்தால் பயனில்லை. நாம் வாரைக் குறுக்கிப் பிடித்து, எதிர்ப்புறம் கடந்துபோக வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியது.

அந்த ஞாயிறு மாலை, நாயின் பாதங்களுக்கு மருந்திட்டுக் கட்டிய பிறகு, அம்மாவிடம் சென்று அமர்ந்தோம். வாரந்தோறும் கோயிலுக்கு நம் வேகத்தில் நடந்து வருகின்றவர். கால் வலிக்கின்றதா என்று கேட்டோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பிருந்தே முழங்கால் வலி இருக்கிறது என்றார். பிறகு, நாய் ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்டார்.