நமக்கு மேலே யார்? நமக்குக் கீழே யார்?

வியாபாரச் சகோதரர்களே!

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் நம் கடைக் குழாய்கள் வறண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ரவாங் பக்கத்துச் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றில் சேர்ந்தது. நாற்றம் கண்டு நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான் முதலிய வட்டாரங்களில் சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் என் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீர் போடவும் வழியில்லை. மேலே இருப்பவனுக்கு மனச்சாட்சி இல்லையா என்று எல்லோரும் ஏசினோம், நானும் ஏசினேன்.

அதற்கு முன் 2016-இல் செமினி ஆற்று நிலையம் பலமுறை மூடப்பட்டது. கழிவு வந்ததோ நெகிரி செம்பிலானில் உள்ள நீலாய் பக்கத்திலிருந்து. ஆறுகளைக் காக்கச் சிலாங்கூரில் 1999-இல் சட்டம் செய்து ஒரு வாரியம் அமைத்தார்கள். அதன் அதிகாரம் மாநில எல்லையில் நிற்கிறது, ஆறு நிற்பதில்லை. ஆகவே ஊரும் ஊரும் பேசித்தான் தீர வேண்டும்.

பேசினால் மேலூரான் என்ன சொல்வான்? "காட்டை வெட்டாமல், ஆலை கட்டாமல் விட்டால் எனக்கு நஷ்டம். உங்கள் குழாய்க்காக நான் ஏன் நஷ்டப்பட வேண்டும்?" என்பான். இதில் பாதி நியாயமுண்டு. கழிவு கொட்டாதிருக்கக் கூலி கேட்க முடியாது, அது கடமை. ஆனால் நமக்காகக் காட்டை விட்டுவைப்பவனின் நஷ்டத்தில் நமக்குப் பங்கில்லையா? சரக்கை வாங்கிக்கொண்டு விலை கொடாதிருப்பது நாணயமாகுமா?

நியூயார்க் நகரத்தார் 1997-இல் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். அவர்கள் குடிநீரில் பெரும்பகுதி காட்ஸ்கில் மலைப் பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. அதை வடிகட்ட ஆலை கட்டினால் பல நூறு கோடி டாலர் பிடிக்கும். அதைவிடக் குறைந்த செலவில் மலையூர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். விற்கச் சம்மதித்தவர்களின் நிலத்தை நகரம் வாங்கியது. பண்ணைகளையும் கழிவுநீர் நிலையங்களையும் சீர்செய்யப் பணம் கொடுத்தது. ஊர்கள் நீரைக் காக்க ஒப்புக்கொண்டன.

இனி நம் பேரேட்டைப் புரட்டுவோம். ரவாங்குக்கு நாம் கீழே. கிள்ளானுக்கு நாம் மேலே. ரவாங்கை ஏசிய அதே நாட்களில், என் கடைப் பையன் பொரித்த எண்ணெயை லோங்காங்கில் ஊற்றுவதைக் கண்டேன். கண்டிக்க வாய் எழவில்லை. அப்படிப் பழக்கியவன் நான்தான். அந்த எண்ணெய் கிள்ளான் ஆற்றில் விழுந்து, அங்கே கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களின் ஊர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. அவர்கள் என்னை என்ன சொல்லி ஏசுவார்கள்?

இப்போது எண்ணெயைத் தகரத்தில் சேர்க்கிறேன்; விலை கொடுத்து எடுத்துப்போக ஆள் வருகிறது. அந்தச் சில வெள்ளி பெரிதல்ல. தண்ணீர் கைமாறிப் போகும் அமானிதம். மேலூரானிடம் நாணயம் கேட்குமுன், கீழூரானுக்கு நாம் அதைச் செலுத்திவிட வேண்டாமா?