ஊரறிந்த ரகசியம்

சீடன்: நாவலைப் படித்து முடித்துவிட்டீர்களா ஐயா?

குரு: முக்கால்வாசி. பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைப் பேத்தி திறக்கிறாள், அடியில் பழைய கடிதம் கிடைக்கிறது, பாட்டியின் ரகசியம் வெளியே வருகிறது. அந்த இடத்தில் மூடி வைத்துவிட்டேன்.

சீடன்: அதுதானே ஐயா கதையின் முடிச்சு?

குரு: யாருக்கு முடிச்சு? கதையை ஒரு தரம் வாயால் சொல், பார்ப்போம்.

சீடன்: இத்தாலியில் காசினோவுக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். கணவன் 1941 தொடக்கத்தில் லிபியாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, போபாலில் இருந்த கைதி முகாமில் அடைபட்டுக் கிடக்கிறான். 1944 மே மாதம் ஜெர்மானியரின் அரண் உடைகிறது. பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்டிருந்த வட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் மலையைத் தாண்டி வருகிறார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் பெண்களுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை என் நாயகிக்கும் நேர்கிறது. 1945 பிப்ரவரியில் ஒரு பையன் பிறக்கிறான். இடிபாட்டில் கிடந்த அநாதை என்று சொல்லி அவனை வளர்க்கிறாள். 1946-ல் கணவன் ஊர் திரும்புகிறான். ஐம்பது வருஷம் கழித்துப் பேத்திக்கு உண்மை தெரிகிறது.

குரு: பிரசவம் பார்த்தது யார்?

சீடன்: ஊர் மருத்துவச்சி.

குரு: ஞானஸ்நானம் கொடுத்தது?

சீடன்: பங்குச் சாமியார்.

குரு: அந்த மே மாதம் அவள் எங்கே ஒளிந்திருந்தாள்?

சீடன்: மலைக்குகையில். ஊரே அங்கேதான் இருந்தது.

குரு: ஊரே குகையில் இருந்தது. அதன்பின் ஒன்பது மாதம் ஊரே அவள் வயிற்றைப் பார்த்தது. இதில் அநாதைக் குழந்தைக் கதையை யார் நம்புவார்கள்? விஷயம் தெரியாத ஒரே ஆள் உன் வாசகர். அவரை முந்நூறு பக்கம் இருட்டில் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் விளக்கைப் போடுகிறாய். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பற்றி வருகிற குடும்ப நாவல்கள் பாதிக்குப் பாதி இப்படிப் பரணில்தான் முடிகின்றன. எனக்குச் சலித்துவிட்டது.

சீடன்: தெரிந்தும் யாரும் வாய் திறக்கவில்லையே ஐயா. அதனால்தானே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போயிற்று?

குரு: இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறாய். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அதை ரகசியம் என்கிறோம். அப்படியானால் ரகசியத்துக்கும் அறியாமைக்கும் என்ன உறவு?

சீடன்: உறவே இல்லை போலிருக்கிறது. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று எழுதாமல் செய்துகொண்ட உடன்பாடு என்று சொல்லலாமா?

குரு: சொல்லலாம். உடன்பாடு என்றால் அதற்குச் சம்மதித்தவர்கள் இருப்பார்கள். ஆதாயம் அடைந்தவர் இருப்பார், விலை கொடுத்தவரும் இருப்பார். நீ இவர்களைத் தேடிப் போயிருக்க வேண்டும். கடிதத்தைத் தேடிப் போய்விட்டாய்.

சீடன்: கணவனையே எடுத்துக்கொள்கிறேன். அவன் எதற்குச் சம்மதித்தான்? வந்தான், பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். கோழை என்றுதான் அவனை எழுதியிருக்கிறேன்.

குரு: அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்தாயா? 1942-ல் வந்த சிவில் சட்டத் தொகுப்பின்படி, மணமான பெண் பெற்ற பிள்ளைக்குக் கணவன்தான் தகப்பன். தான் தகப்பன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அவன் நீதிமன்றம் ஏற வேண்டும். கடல் கடந்து முகாமில் கிடந்தவனுக்கு அந்த வழக்கில் ஜெயிப்பது கஷ்டமே இல்லை. கைதிப் பதிவேடு ஒன்று போதும். ஆனால் வழக்குப் போட ஒரு கெடு உண்டு. கெடுவைத் தாண்டிவிட்டால் பிள்ளை அவனுடையதுதான்.

சீடன்: அப்படியானால் அவன் ஒன்றும் செய்யாமல் இருந்த அந்த நாட்களில்...

குரு: ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருந்தான். காலையில் எழுந்து, கண்ணிவெடி எடுத்து முடியாத நிலத்தில் எந்த மூலையில் கொத்தலாம் என்று பார்க்கப் போகிறான். பொழுது சாயத் திரும்புகிறான். பையன் நடை பழகிக்கொண்டிருக்கிறான். கீழே நகரத்துக்கு இறங்கும் பாதை அவனுக்குத் தெரியும், கோர்ட்டுக்கு வழி காட்டப் பத்துப் பேர் தயாராக இருப்பார்கள். அவன் போகவில்லை. கெடு முடிந்த மறுநாள் அவன் தகப்பன் ஆகிவிட்டான், பேசாமல் இருந்தே ஆகிவிட்டான். நாற்பது பக்கம் நின்று எழுத வேண்டிய இடத்தைக் கோழை என்ற ஒரே வார்த்தையில் தாண்டிப் போயிருக்கிறாய்.

சீடன்: வள்ளுவர் வாய்மைக்கு வைத்த அளவுகோலே தீமையில்லாமைதானே ஐயா. அந்தக் கணக்கில் இந்த மௌனமும் வாய்மைதான் என்று ஆகிறது.

குரு: அவசரப்படாதே. விளைவை வைத்து அளக்கிற கோல், விளைவு தெரிந்தவன் கையில்தான் சரியாக நிற்கும். 1946-ல் அந்த வீட்டில் யாருக்கு விளைவு தெரியும்? காசினோ நகரத்தில் சுவர் நிமிர்ந்து நிற்கிற வீடு இல்லை. மலைமேலிருந்த மடாலயம் 1944 பிப்ரவரி 15 அன்று குண்டுவீச்சில் கற்குவியலாகிவிட்டது. சமவெளியில் தண்ணீர் தேங்கி மலேரியா. நல்லது கெட்டதைச் சீர்தூக்கி அவர்கள் மௌனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறாயா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழி தேடினார்கள், மௌனம் கூடவே ஒட்டிக்கொண்டது. உன் நாவலில் ரயில் வருகிற அத்தியாயத்தில் இது அழகாக வந்திருக்கிறது. நீ தெரிந்து எழுதினாயா என்றுதான் தெரியவில்லை.

சீடன்: மூத்த பெண்ணை அனுப்பும் அத்தியாயமா?

குரு: அதேதான். போர் முடிந்த பின் சில ஆண்டுகளில், பசியில் கிடந்த சுமார் 70,000 குழந்தைகளைப் பெண்கள் சங்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் ரயிலேற்றி, ஓரளவு வசதியான பகுதிக் குடும்பங்களில், முக்கியமாக எமிலியா விவசாய வீடுகளில், சில மாதம் வைத்துச் சோறு போட்டார்கள். ரஷ்யாவுக்குக் கடத்திவிடுவார்கள் என்று ஊரில் புரளி. அதையும் மீறி ஒன்பது வயதுப் பெண்ணை அனுப்பிவைக்கிறாள் உன் நாயகி. மோதெனாவில் அந்தப் பெண் தங்கிய வீட்டில் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். கூலி, சங்கம், போப்பாண்டவர், பக்கத்து வீட்டுக்காரனின் கடன் எல்லாம் சத்தமாக. கம்பளிக் கோட்டோடும் அந்தப் பழக்கத்தோடும் ஊர் திரும்புகிறாள்.

சீடன்: திரும்பிய அன்று ராத்திரி, “தம்பி எந்த மாசம் பிறந்தான்?” என்று கேட்கிறாள்.

குரு: தாய் பதில் சொல்வதில்லை. பொலேந்தா என்கிற அந்த மக்காச்சோளக் களியை இன்னொரு அகப்பை எடுத்து மகள் தட்டில் போடுகிறாள். வீட்டில் எல்லாருக்கும் ஒரு அகப்பைதான். அவளுக்கு மட்டும் இரண்டு. தகப்பன் அதைப் பார்க்கிறான், தன் தட்டையும் பார்க்கிறான். வாயடைக்கக் கொடுத்த விலையும் அன்றைய உணவும் ஒரே பாத்திரத்திலிருந்து வருகின்றன. இப்படி எழுதத் தெரிந்தவன் எதற்காகப் பரண் ஏறினாய்?

சீடன்: கண்டுபிடிப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் வாசகர் பக்கம் புரட்டுவாரா என்ற பயம்தான்.

குரு: நதாலியா கின்ஸ்பர்க் 1963-ல் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற வேடிக்கைப் பேச்சுகளாலேயே கட்டிய புத்தகம். அவருடைய கணவர் லியோனே 1944 பிப்ரவரியில் ரோமில் ரெஜினா செலி சிறையில், ஜெர்மானியர் சித்திரவதை செய்தபின் இறந்தார். அந்த மரணம் புத்தகத்தில் சில வரிகளில் கடந்துபோகிறது. பக்கம் பக்கமாகப் பேசுகிற குடும்பம் எதைப் பேசவில்லை என்பது வாசகருக்குத் தானாகவே உறைக்கிறது. மறைத்து வைத்துத் திறந்து காட்டுகிற வேலையே அங்கே இல்லை.

சீடன்: ஒரு சந்தேகம் ஐயா. பேசுபவரை விடப் பேசாதவர் உயர்ந்தவர் என்று போய்விடுகிறதே நம் பேச்சு. டஸ்கனி மலையில் சான்ட் அன்னா தி ஸ்டட்செமா என்ற ஊரில் 1944 ஆகஸ்ட் 12 காலையில் ஜெர்மனியின் எஸ்.எஸ். படையினர் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், கிழவர்கள், குழந்தைகள். இதுபோன்ற குற்றங்களின் கோப்புகள் ரோமில் ராணுவ வழக்குத் துறையிடம் இருந்தன. 1960-ல் ‘தற்காலிகமாக’ மூடுகிறோம் என்று முத்திரை குத்தினார்கள். 1994-ல்தான், கதவு சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்த ஓர் அலமாரியிலிருந்து 695 கோப்புகள் வெளியே வந்தன. சான்ட் அன்னா வழக்கில் பத்து முன்னாள் எஸ்.எஸ். ஆட்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது 2005-ல். இதுவும் மௌனம்தானே?

குரு: நல்ல கேள்வி. அந்த ஊரில் தப்பிப் பிழைத்தவர்கள் மறந்துவிட்டார்களா?

சீடன்: இல்லை. யார் யார் செத்தார்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

குரு: அங்கே குடும்பங்களுக்குத் தெரியும், பேசவும் தயார். அரசு வாயை மூடிக்கொண்டது. மேற்கு ஜெர்மனி 1955-ல் நேட்டோவில் சேர்ந்துவிட்டது. புதிதாகப் படை கட்டுகிற நண்பனிடம் போய்க் கொலைகாரர்களைக் கொடு என்று கேட்க ரோமுக்கு மனமில்லை. அந்த மௌனத்தின் ஆதாயம் ஒரு பக்கம், விலை முழுக்க வேறொரு பக்கம். உன் மலைவீட்டில் மௌனம் காத்தவர்களே விலையும் கொடுத்தார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக ஒரே தராசில் வைக்காதே.

சீடன்: மலைவீட்டிலும் விலை கொடுத்தது அவர்கள் மட்டும்தானா? பையன்? அவனை யாரும் கேட்கவே இல்லையே. உடன்பாட்டில் அவன் சம்மதம் எங்கே?

குரு: ம். நான் போட்ட கணக்கு அங்கே இடிக்கிறது. எல்சா மொரான்தே 1974-ல் எழுதிய நாவலிலும் இதேதான். ரோமில் ஒரு பள்ளி ஆசிரியை, தன் தாய் யூதப் பெண் என்பதை மறைக்கிறாள், ஜெர்மன் சிப்பாயால் வந்த கர்ப்பத்தை மறைக்கிறாள். மறைத்து மறைத்தே போரைத் தாண்டிவிடுகிறாள். பிள்ளைதான் பிழைப்பதில்லை. ஆனால் ஒன்று சொல், மௌனத்தை உடைத்திருந்தால் உன் பையனுக்கு என்ன கிடைத்திருக்கும்? கணவன் கைவிட்டிருந்தால் அவன் தகப்பன் பெயருக்கு எதிரே இரண்டு எழுத்து, என்.என். பெயர் தெரியாது என்று அர்த்தம். பள்ளியில், வேலையில், கல்யாணத்தில், நீட்டுகிற காகிதத்திலெல்லாம் அது நிற்கும். 1955 அக்டோபரில் வந்த சட்டம்தான் அந்த வழக்கத்தை நிறுத்தியது.

சீடன்: பெயர் கிடைத்தது, சரி. தன்னைப் பற்றி ஊருக்கே தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாமல் வளர்வது?

குரு: தெரியாமல் எங்கே வளர்ந்தான்? ஆறு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சொல்லியிருப்பார்கள், வசைச்சொல்லாகவே சொல்லியிருப்பார்கள். அந்தச் சிப்பாய்கள் வந்த மொரோக்கோவின் பெயரையே அந்தக் குற்றத்துக்குப் பெயராக வைத்துவிட்ட நாடு அது. அதில் தளபதிகளாக இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சுலபமாகத் தப்பித்துக்கொண்டார்கள். அவன் வீட்டுக்கு வருகிறான், அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான், கேட்பதில்லை. அன்றைக்கு அவனும் உடன்பாட்டில் சேர்ந்துவிட்டான். சின்னக் குழந்தை தாயைக் காப்பாற்றுகிறது. இது சம்மதமா, கட்டாயமா? எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சீடன்: அப்படியானால் இந்த உடன்பாடு எங்கேதான் உடையும்? உடையாமலே கதை முடிந்துவிடுமா?

குரு: 1952 ஏப்ரலில் மரியா மத்தலேனா ரோஸ்ஸி என்ற கம்யூனிஸ்ட் உறுப்பினர் உன் நாயகியைப் போன்ற பெண்களின் நிலையை நாடாளுமன்றத்தில் எழுப்பினார், இரவு நேர அமர்வில். அவர்களுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும் ஓய்வூதியமும்தான் பிரச்சினை. பணம் வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். மனுவில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். உன் நாயகிக்கு எழுதத் தெரியுமா?

சீடன்: தெரியாது. நான்தான் அப்படி அமைத்திருக்கிறேன்.

குரு: யார் எழுதிக் கொடுப்பார்கள்?

சீடன்: மகள். மோதெனாவுக்குப் போய் வந்தவள். 1952-ல் அவளுக்குப் பதினைந்து வயது. ஐயா, தம்பி எந்த மாசம் பிறந்தான் என்று கேட்டவளே இப்போது அம்மா சொல்லச் சொல்ல எழுத வேண்டியிருக்கும்!

குரு: தகப்பன் சும்மா இருப்பானா?

சீடன்: இருக்கமாட்டான். கெடுவைத் தாண்டவிட்டு அந்தப் பையனைத் தன் பிள்ளையாக்கியவன் அவன். இந்தத் தாள் ரோமுக்குப் போனால், தேதியைக் கூட்டிப் பார்க்கிற எந்தக் குமாஸ்தாவுக்கும் விளங்கிவிடும். அரசாங்கக் காகிதத்தில் என் மகனை நீயே இன்னொருவனுக்குக் கொடுக்கிறாயா என்று கேட்பான்.

குரு: அவள் என்ன சொல்வாள்?

சீடன்: உனக்கு மகன் கிடைத்தான், எனக்கு நடந்ததை எங்கே வைப்பது என்பாள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறதே ஐயா. மனு போகுமா, போகாதா?

குரு: அதை என்னிடம் கேட்காதே, இப்போதே தீர்மானித்தும் வைக்காதே. பையனுக்கு ஏழு வயது, அவனையும் அந்த அறையிலேயே உட்காரவை. மகள் கையில் பேனாவைக் கொடு. அடுத்த மாதம் கொண்டு வா, படிக்கிறேன்.